நாலாம் மிதவை பற்றிய ஏகமனதான தீர்மானம்

சரிபுதீனுக்குக் கதிரை கொடுத்தார்கள். அப்போதே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

தலைமன்னார் மிதவைக் கந்தோரின் படகில், முன்பக்கம் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பது அவருடைய வேலை. பதினெட்டு வருசமாக அதைத்தான் செய்கிறார். இந்தப் பதினெட்டு வருசத்தில் அவர் கந்தோருக்குள் நின்றிருக்கிறாரே ஒழியக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. சம்பள நாளில் வாசலில் நின்றார். துரைமார் மாறும்போது வரிசையில் நின்றார். முந்திய துரையின் நாய் செத்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். இன்றைக்கு என்னடாவென்றால் பிரம்புக் கதிரை, பால் விட்ட தேத்தண்ணி, பீங்கான் தட்டில் இரண்டு பிஸ்கற்று. காரணமில்லாமல் பிஸ்கற்றுக் கொடுக்கிற அரசாங்கத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. தட்டை மெல்ல அப்பால் தள்ளி வைத்தார்.

இது நடந்தது 1927ஆம் வருசம், சோளகக் காற்று ஓய்ந்த கையோடு. இந்தியக் கரையிலிருந்து வரும் தோணிகளுக்கு வழிகாட்ட ஏழு மிதவைகள் கடலில் கிடந்தன. அந்த ஏழையும் பராமரிக்கக் கரையில் பதினொரு உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். மிதவைகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து வேலை செய்தன. உத்தியோகத்தர்கள் கூட்டம் நடத்தினார்கள்.

கந்தோருக்குக் கட்டடம் கிடையாது. கட்டடம் கட்டும் விசயம் ஒன்பது வருசமாகக் கொழும்பில் ஆராயப்பட்டு வந்தது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, துறையில் இரண்டு வடத்தால் கட்டிய பழைய பாரப்படகு ஒன்றின் மேல் கூரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அலை அடித்தால் மைக்கூடு மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். கடற்காற்றில் காகிதம் நமுத்துவிடும் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஆகவே கடலுக்கு மேலேயே குந்தியிருந்து கடலைப் பார்க்காமல் கடலைப் பற்றிப் பேசுகிற வசதி அங்கே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கிறிம்ஷோ என்றொரு புதுத் துரை அத்தியட்சகராக வந்தார். தமிழ்ப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். அவர் பேசும் தமிழை அச்சில் பார்த்தவர்கள் உண்டு, வேறு எவர் வாயாலும் ஒருவரும் கேட்டதில்லை. வந்த அன்றே "கூட்ட ஒழுக்க விதிகள்" என்று நாற்பத்தொரு விதி கொண்ட புத்தகம் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்தார். கூட்டத்தில் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். கை தூக்கி, தலைவர் தலையசைத்த பிறகே வாய் திறக்க வேண்டும். குரல் மேசையின் விளிம்பைத் தாண்டக் கூடாது. 'இல்லை' என்ற சொல்லைச் சபையில் உச்சரிக்கக் கூடாது, 'வேறு விதமான ஓம்' என்று சொல்லலாம். கேட்ட கேள்விக்குப் பேசாதிருப்பவர் 'ஓம்' சொல்லி உடன்பட்டவராகக் கருதப்படுவார்.

இந்தக் கடைசி விதிதான் சரிபுதீனின் குடும்பத்தைக் குழிக்குள் தள்ளப் பார்த்தது.

ஏனென்றால் அந்தக் கரையின் கடற்காரருக்கு வேறொரு பழக்கம் உண்டு. வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'தண்ணி குறைவு', 'மணல் தட்டும்' என்பது போன்ற கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. ஆழம் பார்க்கிறவன் கயிற்றை இழுத்து, "மூண்டு பாகம்!", "நாலு பாகம்!" என்று கூவினால் வள்ளம் தாராளமாகப் போகலாம். கயிற்றை இழுத்துவிட்டு அவன் பேசாமல் நின்றால், சுக்கான் பிடிக்கிறவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் வள்ளத்தைத் திருப்பிவிடுவான். பேசாமல் நிற்பதை விடப் பெரிய கூச்சல் அவர்களிடம் கிடையாது. சரிபுதீன் தன் தகப்பனிடம் பழகியது அதைத்தான்.

போன கிழமை நாலாம் மிதவையடியில் கயிற்றை இறக்கியவர், நம்பாமல் இன்னொரு தரம் இறக்கிப் பார்த்தார். மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி, இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது. சோளகம் மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது, மணலுக்கு அடியில் கல். தோணிக்காரர்களோ நாலாம் மிதவையை நம்பி நேரே அதை நோக்கித்தான் வருவார்கள். இரண்டு வருசத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு தோணி மணலில் ஏறிப் புரண்டு நாலு பேர் போனார்கள். அந்த நாலு பேரைப் பற்றிக் கந்தோரில் இன்னும் கூட்டம் நடக்கிறது.

அதுவும் போகட்டும். அவருடைய ஒரே மகள் உம்மு ஸல்மா கீழக்கரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிறோம், வெள்ளிக்கிழமை கழித்துக் காற்றுப் பார்த்து நம்முடைய தோணியிலேயே புறப்படுகிறோம் என்று சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. எந்த நேரத்தில் புறப்படுவார்கள், எந்த நேரத்தில் வந்து சேர்வார்கள் என்று யார் கண்டது? சின்ன வள்ளத்தில் போய் எத்தனை நாளைக்குக் கடலில் காத்துக் கிடப்பது? மிதவையை வடக்கே இருநூறு பாகம் தள்ளிப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அரை நாள் வேலை. ஆனால் சபையின் எழுத்து மூலமான தீர்மானம் இல்லாமல் மிதவையைத் தொட்டால் ஆறு மாதம் மறியலில் கம்பி எண்ண வேண்டும். அதற்காகத்தான் நாலாம் மிதவை விசயத்தைச் சபையில் எடுக்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை கதிரையில் வந்து இருந்தார்.

கிறிம்ஷோ துரை மணியைத் தட்டினார். "நண்பரே சரிபுதீனே! இச்சபையில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பேதம் கிடையாது. அச்சமின்றி உமது உள்ளக் கருத்தை வெளியிடலாம். ஆயினும் அக்கருத்து முன்னமே எமக்கு எழுத்தில் தரப்பட்டு, எம்மால் ஏற்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். நாலாம் மிதவை உரிய இடத்தில் உள்ளதன்றோ?"

எல்லாரும் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்தார்கள். பதினொரு பேர் ஒன்றாகச் சிரிப்பதைக் கண்டு அவர் மடியிலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கந்தோரும் மிதக்கிற வஸ்துதானே, இங்கேயும் கெட்ட வார்த்தை சொல்லக் கூடாதல்லவா? அவர் எழுந்தார். உப்புக் காய்ந்த கயிற்றையும் ஈயக்குண்டையும் மேசையின் நடுவில் டங்கென்று வைத்தார். துரையின் கண்ணையே பார்த்துக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் பேசாமல் நின்றார். வள்ளமாக இருந்திருந்தால் அந்த மௌனத்துக்கு அது மூன்று தரம் திரும்பியிருக்கும்.

"மிக்க மகிழ்ச்சி" என்றார் துரை. கூட்டம் முடிந்தது.

திருப்தியோடு வீட்டுக்கு வந்த சரிபுதீன் மறுநாள் துறையில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கண்டு திகைத்துப் போனார். நாலாம் மிதவை உரிய இடத்திலேயே உள்ளதெனச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது, ஆழம் பார்ப்பவரும் உடன்பட்டார் என்று அதில் இருந்தது. கூட்டக் குறிப்பு எழுதும் அமிர்தநாயகத்தை மறித்துப் பிடித்தார். பள்ளிமுனைப் பொடியன் அவன், கடற்காரன் வீட்டுப் பிள்ளை.

"என்ன தம்பி இது? நான் எப்ப ஓம் எண்டனான்?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"அதைத்தானே சொல்லுறன்! நான் பேசாமல் நிண்டனான். உனக்கு விளங்கேல்லையோ?"

"எனக்கு விளங்கினது. துரை எழுதச் சொன்னது வேற. பேசாட்டி ஓம் எண்டு எழுத வேணும். அதுதான் விதி." அமிர்தநாயகம் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்தான். "இன்னொண்டு அண்ணை. உங்களில துரைக்குச் சந்தேகம். கயிற்றை ஏன் கொண்டந்தவர், மேசையில ஏன் வைச்சவர் எண்டு பிரதம லிகிதர் நவரத்தினம் ஐயாவைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்."

வீட்டில் மனைவி றாபியா தலையில் அடித்துக்கொண்டாள். "பிஸ்கற்றுத் தந்தவங்க எண்டு சொன்னீங்களே, அப்பவே நினைச்சனான்! புள்ளை வயித்தில புள்ளையோட வாறாள். நீங்க நாளைக்கு அங்க போய் வாயைத் திறந்து சொல்லுங்கோ. கடல் கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன்."

புதன்கிழமைக் கூட்டத்தில் சரிபுதீன் வாயைத் திறந்தார். கை தூக்கி, துரை தலையசைக்கும் வரை தோள் வலிக்கக் காத்திருந்து, மேசையின் விளிம்பைத் தாண்டாத குரலில், "ஐயா, நாலாவதடியில தண்ணி இல்லை" என்றார்.

அறை அதிர்ந்து போயிற்று. பிரதம லிகிதர் நவரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரிபுதீன், நீர் அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டீர்."

"தண்ணியையோ ஐயா?"

"மற்றதை. தண்ணீர் குறைவு எண்டு சொல்லுறதும் மனச்சோர்வைத் தரும். கடல் தரையை நோக்கி முன்னேறியிருக்கு எண்டு சொல்லலாம்."

"முன்னேறினது மணல் ஐயா. தோணி ஏறினால் உடையும்."

துரை முன்னுக்குச் சாய்ந்தார். அவருடைய சிரிப்பு மாறவில்லை, கண் மட்டும் சுருங்கியது. "இதனை உமக்குச் சொன்னவர் யாவர்?"

"கயிறுதான் துரை."

"இக்கயிறு எவருடைய பொறுப்பில் இருந்தது?"

களஞ்சியக்காரர் சரவணமுத்து பாய்ந்து எழுந்தார். "துரை, களஞ்சியத்தை விட்டுப் போகேக்குள்ள கயிறு நல்ல நடத்தையோடதான் இருந்தது! வெளியில ஆரோடை பழகினதோ எனக்குத் தெரியாது."

அரை மணித்தியாலம் கயிற்றைப் பற்றிப் பேசினார்கள். கயிறு சுருங்கியிருக்கலாம் என்றார் ஒருவர். நீண்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் நடந்திருந்தால் கணக்கு நேராகிவிடும் என்று நவரத்தினம் சமரசம் செய்தார். முடிவில் கயிற்றுக்கு அரக்கு முத்திரை குத்தி அலுமாரியில் பூட்டி, சாவியைத் துரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு ஆழம் பார்க்க வழியும் இல்லாமல் போயிற்று. பிறகு துரை பேசினார்.

"ஐயன்மீர்! மிதவை இடம் மாறியது என்று ஒருவன் கூறுவானாயின், அவ்விடத்தை முதலில் வகுத்த எம்மவர் பிழைத்தனர் என்றாகும். எம்மவர் பிழையார். ஆகவே கடல் பிழைத்திருத்தல் வேண்டும். கடலைத் தண்டிக்க எமக்கு அதிகாரமில்லை. ஆகவே கூறியவனை விசாரிப்பதே முறை. இம்மனிதனுக்கு இதனால் யாது லாபம்?"

சரிபுதீனுக்குப் பொறுக்கவில்லை. "என்ட மகள் வாறாள் ஐயா! அந்தப் பாதையாலதான் வாறாள்! புள்ளைத்தாச்சி!" என்று கத்திவிட்டார். அந்தக் குரல் மேசை விளிம்பைத் தாண்டி, ஆணியடித்த ஜன்னலைத் தாண்டி, துறையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வரை போயிற்று.

"ஆ!" என்றார் துரை. கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடித்த சந்தோசம் அவர் முகத்தில் தெரிந்தது. "சொந்த லாபம்! எழுதிக்கொள்ளும் அமிர்தநாயகம். ஆழம் குறைந்ததும் இவருடைய மகள் வருவதும் ஒரே கிழமையில் நிகழ்கின்றன. இது தற்செயலோ?"

ஒருவரும் பேசவில்லை. தற்செயல் அல்ல என்று எல்லாரும் உடன்பட்டதாக எழுதப்பட்டது. மிதவை விசயம் ஒத்திவைக்கப்பட்டது. அதைவிட அவசரமான விசயம் ஒன்று வந்துவிட்டதல்லவா? சபையில் ஊழியர் குரல் உயர்த்தியமை பற்றிச் சனிக்கிழமை காலை விசேட விசாரணை என்று தீர்மானமாயிற்று.

சரிபுதீன் அந்த மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பள்ளிவாசலுக்குப் போனார், வந்தார், மேற்கே பார்த்துக்கொண்டு கரையில் நின்றார். படகில் தண்டு வலிக்கிற நாலு பேரிடம் கெஞ்சிப் பார்த்தார். "உத்தரவுத் துண்டு கொண்டு வாங்கோ காக்கா, இப்பவே வாறம். துண்டில்லாமல் போனால் எங்கட புள்ளைகள் பட்டினி" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. துரையின் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தை எந்தப் பாரத்தை நிரப்பி எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடிய நல்ல மேல்காற்று. தோணி புறப்பட்டிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போனார். இம்முறை கதிரை மட்டும் இருந்தது, பிஸ்கற்று இல்லை.

விசாரணை மூன்று மணித்தியாலம் நடந்தது. குரல் உயர்ந்ததா, உயர்த்தப்பட்டதா என்று ஒரு மணித்தியாலம். கத்தும்போது அவர் முகம் சிரித்திருந்ததா என்று இன்னொரு மணித்தியாலம். கடலில் வேலை செய்கிறவன் கத்தத்தானே செய்வான் என்று சரிபுதீன் சொன்னதை நவரத்தினம் உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்பிடியெண்டால் கடலிலையும் நீர் விதிப்படி பேசுறேல்லை! கடலில எவ்வளவு சத்தமாய்க் கத்துறனீர்?"

"தேவைக்குத் தக்கபடி ஐயா."

"அளவு வேணும். குறிப்பில எழுத வேணுமெல்லோ?"

துரைக்கு இது பிடித்துப் போயிற்று. "மிகச் சரி! சரிபுதீனே, நீர் கடலிலே எழுப்பும் ஓசைகளுள் மிகப் பெரியது எதுவோ, அதனை இவ்விடத்தில் எழுப்பிக் காட்டுக. அதனை அளவாகக் கொண்டு உமக்குரிய தண்டனையை வகுப்போம்."

"வேண்டாம் துரை" என்றார் சரிபுதீன். "அது நல்ல சத்தமில்லை."

"அச்சொல்லை மறுபடியும் கூறினீர். எழுப்புக!"

சரிபுதீன் எழுந்தார். மேற்கே கடலில் எங்கேயோ வந்துகொண்டிருந்த தோணியை நினைத்தார். நாலாம் மிதவையை நினைத்தார். மூச்சை அடிவயிறு மட்டும் இழுத்து, பதினெட்டு வருசத்தில் ஒரே ஒரு தரம், படகு பிளந்த அன்றைக்குக் கத்திய கத்தலை அப்படியே கத்தினார்.

"தண்ணி ஏறுது! தாழுது! குதி! குதி! குதி!"

அந்த நேரம் பார்த்து ஓர் அலை பாரப்படகின் அடியில் மோதியது. மைக்கூடு மேசையில் ஓடிப் போய் விழுந்து உடைந்தது. பிறகு நடந்ததைச் சொல்ல நேரம் போதாது, அவ்வளவு விரைவாக நடந்தது. வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் துரை. கை தூக்கவில்லை, ஒருவரும் தலையசைக்கும் வரை காத்திருக்கவும் இல்லை. "விடுங்கோடா! விடுங்கோடா!" என்று அவர் கத்தியது பரீட்சைத் தமிழ் அல்ல, அசல் ஊர்த் தமிழ். அவருக்குப் பின்னால் நவரத்தினம் ஓடினார். சரவணமுத்து களஞ்சியச் சாவிக்கொத்தை விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். பலகைப் பாலம் தடதடவென்று அதிர்ந்தது. கரையில் இறங்கியும் நிற்காமல், கருவாடு காய்கிற பாய்களை மிதித்துக்கொண்டு, பத்துப் பேரும் பாலைமரத்தடி வரைக்கும் ஓடினார்கள்.

சரிபுதீன் நடு அறையில் திகைத்து நின்றார். அமிர்தநாயகம் மட்டும் பேனையைப் பிடித்தபடி தன் இடத்தில் இருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நீ ஏன் தம்பி ஓடேல்லை?"

"குறிப்பெழுதுறவன் கூட்டம் முடியாமல் எழும்பக் கூடாது அண்ணை. இருபத்தொன்பதாம் விதி. தாழுறமோ?"

"இல்லையடா. துரை கத்தச் சொன்னவர், கத்தினனான்."

அமிர்தநாயகம் நீளமாக மூச்சு விட்டான். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினான். "அண்ணை, கூட்டம் இன்னும் முடியேல்லை. துரை மணி தட்டேல்லை. அனுமதி கேளாமல் வெளியேறினவை உள்ளுக்கு இருக்கிறவையாய்த்தான் கருதப்படுவினம், இஞ்ச எழுதியிருக்கு. தலைவர் தன்ட கதிரையில இல்லையெண்டால் சேவையில மூத்தவர் தலைமை. நீங்கள் பதினெட்டு வருசம். நவரத்தினம் ஐயா பதினாறு."

சரிபுதீன் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்தக் கந்தோரில் நல்ல செய்தி சொல்கிற ஆளை நம்பலாமா? ஆனால் மேல்காற்று கூரையில் விசிறி அடித்தது. அவர் போய்த் துரையின் கதிரையில் இருந்தார். நல்ல மெத்தை போட்ட கதிரை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெறுங்கதிரைகளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"நாலாம் மிதவையை வடக்க இருநூறு பாகம் தள்ளிப் போடப் போறம். இண்டைக்கே, இப்பவே. ஆருக்காவது மறுப்பு இருக்கோ, ஐயாமாரே?"

கதிரைகள் பேசவில்லை. அமிர்தநாயகம் விதிப்படி நூறு வரை எண்ணிவிட்டு, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினான். துண்டை எழுதி முத்திரை குத்தி நீட்டினான். சரிபுதீன் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படகுக்கு ஓடினார். பாலைமரத்தடியில் கந்தோர் தாழ்வதற்காகக் காத்திருந்தவர்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

நாலு பேரும் சரிபுதீனும் நங்கூரத்தைக் கிளப்பி மிதவையைப் புதிய இடத்தில் போட்டு முடித்தபோது பின்னேர அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. கை தோலுரிந்து போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்கே பாய் தெரிந்தது. தோணி மிதவையைப் பார்த்து, மணலை விட்டு விலகி, நல்ல தண்ணீரில் நிதானமாக வந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உம்மு ஸல்மா எழுந்து நின்று, "வாப்பா! என்ன இஞ்சயே நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டாள். சரிபுதீன் குனிந்து கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கூட்டம் வழமைபோலக் கூடியது. அமிர்தநாயகம் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தான். நாலாம் மிதவை பற்றிய ஏகமனதான தீர்மானம் வந்ததும் துரையின் சிரிப்பு நின்றது. அவர் சரிபுதீனைப் பார்த்தார், நவரத்தினத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இத்தீர்மானம் நிறைவேறியபோது நான் எவ்விடத்தில் இருந்தேன்?"

"சபையில்தான் துரை" என்றான் அமிர்தநாயகம் பணிவாக. "எல்லாரும் இருந்தவை. ஆரும் ஓடினதாய் நான் எழுதேல்லை. ஓடினவை எண்டு எழுத வேணுமெண்டால், முதல் ஓடினவற்ற பெயரிலயிருந்து வரிசையாய் எழுதி, கொழும்புக்கும் ஒரு பிரதி அனுப்ப வேணும். எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு சரிதானே துரை?"

பதினொரு பேரின் கண்ணும் துரையின் மேல் இருந்தன. துரை வாயைத் திறந்தார், மூடினார். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அமிர்தநாயகம் பேனையை மையில் தோய்த்து, ஓம் என்று எழுதினான்.